வைட்டமின் டி 'நானோ ஷாட்': அந்த ஐந்து மில்லிக்குள் என்ன நடக்கிறது?

மருந்துக்கடையில் வைட்டமின் டி சீட்டை நீட்டினால் மூன்று வடிவங்களில் ஒன்று கைக்கு வரும். எண்ணெய் நிரப்பிய மெத்தென்ற கேப்சூல், பாலில் கரைத்துக் குடிக்கும் ஒரு கிராம் பவுடர் பாக்கெட், 'நானோ' என்று அச்சிட்ட ஐந்து மில்லி புட்டி. மூன்றிலும் மருந்து ஒன்றே: 60,000 யூனிட் கொலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3. நாற்பது யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். ஆக, 60,000 யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு கடுகின் எடை. புட்டிக்குப் பெரும்பாலும் விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்கு உடம்பு என்ன பெறுகிறது என்பது வைட்டமினைப் பொறுத்தும், அதைச் சாப்பிடுபவரின் குடலைப் பொறுத்தும் மாறும். விளம்பரங்கள் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

டி3 தண்ணீரில் கரையாது. ஏ, ஈ, கே வைட்டமின்களும் அப்படியே. ரசத்தின் மேல் மிதக்கும் தாளிப்பு எண்ணெயைப் போல, குடலின் நீர்மத்தில் இவை ஒட்டாமல் நிற்கும். உணவோடு வரும் கொழுப்பை உடல் சமாளிக்கும் முறைதான் இவற்றுக்கும் வழி. இரைப்பை கடைந்து கொடுக்கும் கொழுப்புத் துளிகள் சிறுகுடலின் முதல் பகுதிக்கு வரும்போது பித்தநீர் பாய்கிறது. பித்த உப்பும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் துளிகளைச் சூழ்ந்து உடைக்கின்றன. கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் என்ற நொதி, துளியின் மேற்பரப்பில் உட்கார்ந்து கொழுப்பைக் கொழுப்பமிலமாகவும் மோனோகிளிசரைடாகவும் வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளும் பித்த உப்பும் கூடிச் சில நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள, மைசெல் என்னும் நுண்ணுருண்டைகளாகத் திரள, அவற்றின் உள்ளே வைட்டமின் ஏறிக்கொள்கிறது. குடல் சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கடக்க இந்த மைசெல்தான் ஓடம். சுவரணுக்குள் போன வைட்டமின், கைலோமைக்ரான் என்னும் கொழுப்புப் பொதியில் அடைபட்டு நிணநீர் வழியாக மேலேறி, கழுத்தடியில் இரத்தத்தோடு கலக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டு, பித்தமும் கணையமும் சரியாக இயங்கும் ஒருவரிடம் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடக்கிறது. கேப்சூலை வெறும் வயிற்றில் விழுங்கும்போது பித்தப்பை சுருங்கத் தேவையான கொழுப்பு உள்ளே வருவதில்லை. அங்கேதான் முதல் இழப்பு. இந்த இழப்பைச் சரிசெய்ய நானோ தேவையில்லை, சாப்பாடு போதும். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், கொழுப்பில்லாத உணவோடு டி3 எடுத்தவர்களைவிடக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தவர்களின் இரத்தத்தில் உச்ச அளவு 32% கூடியிருந்தது. நாளின் பெரிய வேளை உணவோடு எடுக்கச் சொன்ன இன்னோர் ஆய்வில், இரண்டு மூன்று மாதங்களில் இரத்த அளவு சராசரியாகப் பாதிக்கும் மேல் உயர்ந்தது. எனவே மதியச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிய சாதாரண கேப்சூலோடு போட்டியிட்டுத்தான் எந்த நானோ புட்டியும் தன்னை நிரூபிக்க வேண்டும்.

நானோ புட்டியில் இருப்பது நானோ பால்மம், அதாவது எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் பரப்பிய திரவம். அது செய்வது, உடைக்கும் வேலையின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்புவது. ஒன்றரை மில்லிகிராம் டி3-ஐ நூறு மில்லிகிராம் எண்ணெயில் கரைத்ததாக வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெயைப் பத்து மைக்ரான் (பத்தாயிரம் நானோமீட்டர்) துளிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு சுமார் 660 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. அதையே நூறு நானோமீட்டர் துளிகளாக்கினால் 6.6 சதுர மீட்டர், ஒரு சிறிய அறையின் தரை. துளிகளின் எண்ணிக்கை சுமார் இரண்டு கோடி கோடி. லிப்பேஸ் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும் நொதி என்பதால், பரப்பு நூறு மடங்கானால் செரிமானம் இன்னும் விரைவாகத் தொடங்குகிறது. பித்தம் குறைவாக இருந்தாலும் உடைந்த துளி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

நானோ துளி முழுதாகக் குடல் சுவரைத் துளைத்து, நேரே இரத்தத்துக்குள் பாய்வதாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். செரிக்கக்கூடிய எண்ணெயில் செய்த பால்மத்தில் அப்படி நடப்பது மிகச் சொற்பம். துளி குடலில் செரிந்து, மைசெல்லாக மாறி, மேலே சொன்ன அதே பாதையில்தான் போகிறது. நானோ அந்தப் பாதையின் முதல் சில படிகளைச் சுருக்குகிறது, அவ்வளவே.

தயாரிப்பு முறையைப் பார்த்தால் ஒரு புட்டியை நம்பலாமா என்பதற்கான பாதி விடை கிடைக்கும். ஆய்வகத்தில் வழக்கமான அளவு: நூறு பங்கில் பத்துப் பங்கு எண்ணெய், ஒன்றிலிருந்து இரண்டு பங்கு பால்மமாக்கி (துளிகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று சேராமல் காப்பது), மீதி பிஎச் 7-இல், அதாவது புளிப்போ காரமோ இல்லாத நிலையில், நிறுத்திய தாங்கல் கரைசல். பால்மமாக்கியாக லெசித்தின், பாலிசார்பேட் 80, மோர்ப்புரதம், குயிலாயா மரப்பட்டையின் சபோனின் ஆகியவை பயன்படுகின்றன. டி3-ஐ முதலில் எண்ணெயில் முழுதாகக் கரைக்க வேண்டும். இங்கே ஒரு துகள் கரையாமல் நின்றாலும் பின்னால் அது படிகமாக வளரும். பிறகு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுழலும் கலப்பியில் இரண்டு நிமிடம் கடைந்தால் வெண்மையான முரட்டுப் பால்மம் கிடைக்கும். அதை உயர் அழுத்தக் கருவியில் 800 முதல் 1,000 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில், நுண்ணிய பிளவு வழியாக மூன்று முதல் ஐந்து முறை செலுத்த வேண்டும். ஒவ்வொரு 100 பாருக்கும் திரவம் ஏறத்தாழ இரண்டரை டிகிரி சூடேறும்; 1,000 பாரில் ஒரே ஓட்டத்தில் 25 டிகிரி. வெளியேறும் குழாயைப் பனிநீரில் குளிர்விக்காமல் ஐந்து முறை ஓட்டினால் வைட்டமின் வெந்து குறையும், புரதம் உறைந்து துளிகளை ஒட்டவைக்கும்.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் துளி சிறுத்துக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பரப்பு கூடக்கூட அதைப் போர்த்தப் பால்மமாக்கி வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் என்று வைத்தால், மேலே சொன்ன 6.6 சதுர மீட்டருக்குச் சுமார் பத்து மில்லிகிராம் துளியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். துளியில் ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கும் பால்மமாக்கி இந்தக் கணக்கில் சேராது. போர்வை போதவில்லையென்றால், உடைந்த துளிகள் அடுத்த நொடியே மோதி ஒன்றாகிவிடும். கருவி வேலை செய்யும், மின்சாரம் செலவாகும், அளவு மட்டும் குறையாது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

புட்டிக்குள் போன பிறகும் ஆபத்து தீர்வதில்லை. துளி மேலெழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் நூறு நானோமீட்டர் துளி, பத்து மைக்ரான் துளியைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே மேலே வரும். பாலேடு கட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குப் பதில் வேறொரு நோய் வரும். சிறு துளியிலிருந்து எண்ணெய் மூலக்கூறுகள் தண்ணீரில் இம்மியளவு கரைந்து பெரிய துளிக்குப் போய்ச்சேரும். சிறியது தேயும், பெரியது கொழுக்கும். இதை ஆஸ்ட்வால்ட் முதிர்வு என்பார்கள். சமையல் எண்ணெய்களில் இது மிக மெதுவாக நடக்கிறது. ஆனால் சுவைக்காகச் சேர்க்கும் ஆரஞ்சு வாசனை எண்ணெய் தண்ணீரில் ஓரளவு கரையும். அதைத் தனித் துளிகளாக விட்டால் சில நாட்களிலேயே புட்டியின் கழுத்தில் வளையம் கட்டும். சூரியகாந்தி எண்ணெய் போன்ற கனமான எண்ணெயில் கலந்து உள்ளே வைத்தால் அடங்கும்.

மேற்பரப்பு நூறு மடங்கானால் ஆக்சிஜன் தாக்கும் இடமும் நூறு மடங்குதான். டி3 ஒளியிலும் ஆக்சிஜனிலும் சிதையும் பொருள். வைட்டமின் ஏ இன்னும் மோசம். பழுப்புக் கண்ணாடி, மூடுமுன் நைட்ரஜன் நிரப்புதல், எண்ணெயில் கொஞ்சம் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ), இரும்பு-செம்புச் சுவடுகளைப் பிடித்துவைக்க ஈ.டி.டி.ஏ. என்ற முன்னெச்சரிக்கை நான்கும் இல்லாத நானோ திரவம், அலமாரியில் இருக்கும்போதே பலம் இழக்கும். அதே புட்டியில் இரும்புச்சத்தையும் சேர்த்து 'எல்லாம் ஒன்றில்' என்று விற்பது வேதியியல்படி மோசமான யோசனை. மோர்ப்புரதத்தால் போர்த்திய துளி என்றால் பிஎச் 5-ஐ ஒட்டி மின்னூட்டம் இழந்து திரியும்; அதை அந்த அளவு புளிப்புள்ள பானத்தில் கலந்து குடிக்கச் சொன்னால் தொழிற்சாலை செய்த வேலை குவளையிலேயே வீணாகும்.

எந்த எண்ணெய் என்பதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமான கேள்வி. தேங்காய், பனங்கொட்டை எண்ணெய்களிலிருந்து பிரிக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, பாகுத்தன்மை குறைந்தது, எளிதில் உடைவது, ஆக்சிஜனேற்றத்துக்கு அசையாதது. செய்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியன் மெக்லெமென்ட்ஸ் குழுவினர் 2015-இல் பலவகை எண்ணெய்களில் டி3 பால்மங்களைச் செய்து, செயற்கைக் குடலில் செரிக்கவைத்துப் பார்த்தார்கள். நடுத்தரச் சங்கிலி எண்ணெய் விரைவாகச் செரிந்தது. மைசெல்லில் ஏறிய வைட்டமினோ, சோள எண்ணெய், மீன் எண்ணெய் போன்ற நீள்சங்கிலி எண்ணெய்களில்தான் அதிகம். நீளமான கொழுப்பமிலங்கள் மைசெல்லின் உள்ளே விசாலமான இடம் ஏற்படுத்துகின்றன. குட்டையானவை கட்டும் மைசெல்லில் டி3 போன்ற நீண்ட மூலக்கூறுக்கு இடம் போதவில்லை. துளியைச் சிறிதாக்குவது ஓர் வேலை, செரிந்த பின் வைட்டமினை ஏந்திப் போக வண்டி கட்டுவது வேறொரு வேலை. பெட்டியில் நானோமீட்டர் எண்ணை மட்டும் பெருமையாகப் போடுகிறவர்கள் முதல் வேலையை மட்டுமே சொல்கிறார்கள்.

அந்த எண்ணையும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அளக்கும் கருவி லேசர் ஒளிச்சிதறலைப் பார்க்கிறது. சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடும் என்பதால் சில பெரிய துளிகளே சராசரியை மேலே இழுக்கும். எனவே சராசரியோடு, துளிகளின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் பரவல் குறியீடும் 0.2-க்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு: 200 நானோமீட்டரில் பால்வெண்மை, 100-ஐ ஒட்டி நீலச்சாயல் கொண்ட மங்கல், 50-60-க்குக் கீழே கண்ணாடித் தெளிவு. ஆனால் தெளிந்த புட்டியெல்லாம் நானோ பால்மம் என்று அர்த்தமில்லை. எண்ணெயே இல்லாமல், நிறைய பாலிசார்பேட்டிலோ புரோப்பிலீன் கிளைக்காலிலோ கரைத்தாலும் திரவம் தெளிவாகத்தான் இருக்கும்.

செயற்கைக் குடல் என்று குறிப்பிட்டேன் அல்லவா? இன்ஃபோஜெஸ்ட் என்ற பொதுமுறைப்படி 37 டிகிரியில், பிஎச் 3-இல் இரைப்பை நொதியோடு இரண்டு மணி நேரம், பிஎச் 7-இல் பித்தமும் கணைய நொதியும் சேர்த்து இரண்டு மணி நேரம். பின் சுழற்றிப் பிரித்து, தெளிந்த நடுப்பகுதியில் எவ்வளவு வைட்டமின் என்று அளப்பார்கள். இது உறிஞ்சத் தயாராக நிற்கும் அளவு மட்டுமே. உறிஞ்சியது எவ்வளவு என்று அது சொல்லாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: நானோ பால்மம் குடுவையில் டி3-இன் தயார்நிலையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கியது, எலிகளின் இரத்தத்தில் முரட்டுப் பால்மம் 36% உயர்வையும், நானோ 73% உயர்வையும் தந்தது. நான்கு மடங்கு, உயிருள்ள உடம்பில் இரண்டு மடங்காகச் சுருங்கியது. வட இந்தியப் பள்ளி மாணவர்களிடம் மாதம் 60,000 யூனிட் வீதம் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் சாதாரண வடிவம் பெற்றவர்களைவிட மைசெல் வடிவம் பெற்றவர்களுக்கு இரத்த அளவு கூடுதலாக ஏறியது. பயன் உண்மை. பெட்டிகளில் அச்சிடும் 'பத்து மடங்கு' அல்ல.

பித்தம் குடலுக்கு வராத குழந்தைகளின் கதை வேறு. பித்தநாள அடைப்போடு பிறக்கும் பிள்ளைகளுக்குச் சாதாரண வைட்டமின் ஈ எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. ஏறாமலே போனால் நரம்புகள் சிதையும். நடை தள்ளாடும், கண் அசைவு குன்றும். வைட்டமின் ஈ-யோடு பாலிஎதிலீன் கிளைக்கால் வாலைப் பிணைத்து உருவாக்கிய டி.பி.ஜி.எஸ். என்ற பொருள், நீரில் 0.02% செறிவைத் தாண்டியதும் பித்தத்தின் துணையின்றித் தானே மைசெல் கட்டும். அமெரிக்காவில் ரொனால்ட் சோகோல் தலைமையில் 1993-இல் வெளியான ஆய்வில், வேறெந்த வடிவத்துக்கும் மசியாத 60 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் வைட்டமின் ஈ நிலை சரியானது. அதுவரை சரிந்துவந்த நரம்புச் செயல்பாடு, சராசரியாக இரண்டரை ஆண்டுக்குப் பின் 25 பேரிடம் மேம்பட்டது, 27 பேரிடம் சரிவு நின்றது, இருவரிடம் மட்டும் மோசமானது. ஐரோப்பாவில் 2009 முதல் இது அனுமதி பெற்ற மருந்து. இந்தத் துறையில் மனம் நிறைந்து சொல்லக்கூடிய வெற்றி என்றால் எனக்கு இதுதான். அது 'நானோ' என்ற பெயரில்கூட விற்கப்படவில்லை.

அதே நோக்கத்தோடு செய்த இன்னொன்று கைகொடுக்கவில்லை. பச்சிளங்குழந்தைகளின் இரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே-யை, கிளைக்கோகோலிக் அமிலமும் லெசித்தினும் கொண்ட மைசெல்லில் வைத்து வாய்வழித் துளியாகக் கொடுத்தார்கள். பித்தத்தை நாமே சேர்த்து அனுப்புகிறோம் என்பது யோசனை. கல்லீரல் கோளாறால் மஞ்சள் பூத்த குழந்தைகளிடம் சோதித்தபோது உறிஞ்சலை நம்பியிருக்க முடியவில்லை என்று 2003-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று தெரிவித்தது. எந்தக் குழந்தைக்குக் கட்டாயம் போய்ச்சேர வேண்டுமோ, அந்தக் குழந்தைக்குத்தான் சேரவில்லை. பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசியைத் தவிர்க்க விரும்பும் பெற்றோர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வைட்டமின் சி-யில் நிலைமை தலைகீழ். அது நீரில் தானே கரையும். கரையாமை என்ற பூட்டே அங்கு இல்லை. குடல் சுவரில் அதற்கெனக் கடத்திப் புரதம் இருக்கிறது, அது நிரம்பிவிடுவதுதான் தடை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மார்க் லெவின் குழு 1996-இல் காட்டியபடி, ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் என்றால் முழுதும் உள்ளே போகும். 1,250-இல் ஏறத்தாழ பாதிதான். லைப்போசோம் என்ற இரட்டைப் படலக் குமிழியில் அடைத்துக் கொடுத்தால் நான்கு கிராம் போன்ற பெரிய அளவில் இரத்த அளவு சற்றுக் கூடுவது உண்மை, நரம்பூசியை எட்டாது. நாள்தேவை 80 மில்லிகிராம் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. தவிர, லைப்போசோம் என்று விற்கும் சில கூழ்களில் இருப்பது வெறும் லெசித்தின் கரைசலாக இருக்கலாம். குமிழிக்குள் அடைபட்டது எத்தனை சதவீதம் என்று சான்று காட்டாத பெட்டிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பால்மமாக்கிகளைப் பற்றிப் பேசும்போது 1984-ஐ மறக்கக் கூடாது. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியே செலுத்த, வைட்டமின் ஈ-யைப் பாலிசார்பேட்டில் கரைத்த ஈ-ஃபெரால் என்ற திரவம் உரிய சோதனையின்றிச் சந்தைக்கு வந்தது. ஒன்பது விழுக்காடு பாலிசார்பேட் 80, ஒரு விழுக்காடு பாலிசார்பேட் 20. கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்து 38 குழந்தைகள் இறந்தார்கள். வாய்வழியில் அந்த அபாயம் இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை நாள்தோறும் ஏற்கத்தக்கது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. ஆனால் ஐந்து மில்லியில் பத்து விழுக்காடு பாலிசார்பேட் இருந்தால் அது 500 மில்லிகிராம். பத்துக் கிலோ எடைக் குழந்தைக்கு நாள் வரம்பு 250. வாரம் ஒரு முறை பெரியவர் குடிப்பது ஒன்று, அதே கலவையைச் சொட்டு மருந்தாக்கித் தினமும் குழந்தைக்கு ஊட்டுவது வேறு. மருந்துப் பகுதியைப் போலவே துணைப்பொருள் பட்டியலையும் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் நானோ மருந்துகளுக்கும், 2020-இல் நானோ வேளாண் இடுபொருட்கள், உணவுப் பொருட்களுக்கும் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஐரோப்பாவில் திட்டமிட்டு உருவாக்கிய நானோ பொருள் உணவில் இருந்தால் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'நானோ' என்று அடைப்புக்குறியில் எழுதியாக வேண்டும். அங்கே அந்தச் சொல் எச்சரிக்கைத் தகவல். இங்கே அது விற்பனைச் சொல்லாகிவிட்டது வருத்தமானது.

யாருக்கு இது தேவை? கணையக் கோளாறு, நாட்பட்ட பித்தத்தடை, சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் நோய்), உடல் பருமனுக்காகக் குடலை மாற்றித் தைத்த அறுவை சிகிச்சை, கேப்சூல் தொடர்ந்து எடுத்தும் இரத்தத்தில் ஏறாத நிலை. இவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பின் சாதாரண கேப்சூல் எடுத்தால் போதும்.

நன்றாக உறிஞ்சப்படும் வடிவம் கையில் இருக்கும்போது அளவுப் பிழையின் விலையும் ஏறுகிறது. 60,000 யூனிட் என்பது வழக்கமாக வாரம் ஒரு முறை, எட்டு வாரம். பிறகு மாதம் ஒரு முறை. சீட்டில் உள்ள 'வாரம்' என்ற சொல்லைக் கவனிக்காமல் தினமும் குடித்துவிடுவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. முப்பது நாளில் 18 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 600. இரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (பரிசோதனையில் அளக்கும் வடிவம்) ஒரு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் நச்சுநிலை. கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் என்று வெளிப்படும், சிறுநீரகம் பழுதாகலாம். தினமும் குடித்துவிட்டது தெரிந்தால் உடனே நிறுத்தி, கால்சியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் அன்றே பரிசோதித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரில் கலந்த வடிவம் என்பதால் சிறுநீரில் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது. குடலைத் தாண்டியதும் அது மறுபடியும் கொழுப்பில் தங்கும் அதே டி3. அளவு இறங்க வாரங்களும் மாதங்களும் ஆகும்.